பெரியவர் படத்துக்கு அடியில்

அத்தியாயம் 4

இன்ஸ்பெக்டர் இரண்டாவது முறையாகத் தட்டை நீட்டினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காரணம் இருக்கிறது. அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் அவள் குற்றவாளியா இல்லையா என்று என் அண்ணி கண்டுபிடித்தாக வேண்டும். போலீஸ்காரரின் பசியை நம்பித் துப்பறிய வந்த ஏஜென்சி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். எரிந்துபோன கடைகளைப் போய்ப் பார்த்து, தானாக எரிந்ததா, முதலாளியே எரித்தாரா என்று சொல்ல வேண்டிய வேலை. முதலாளிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தார். வேறு எங்கேயும் நிலைக்காத நான் அவருக்கு அசிஸ்டென்ட். வீட்டில் அண்ணனிடம் வாங்குகிற திட்டுக்கு ஆபீஸில் அண்ணியிடம் வாங்குகிற திட்டு எவ்வளவோ தேவலை.

எங்களைக் கூப்பிட்டிருந்தது ஒரு லிஃப்ட் கம்பெனிக் குடும்பம். ஆட்களை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும்தான் அவர்கள் தொழில். லிஃப்ட் இல்லாமலே அதைச் செய்வார்கள் என்பது அன்று காலை ஊருக்கே தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். பெரிய ஹால், சுவரை அடைத்த திரை, ஹால் நிறைய விற்பனையாளர்கள். கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் மேடையில் நின்று, தனக்குப் பிறகு நிர்வாகத்தை யார் பார்ப்பார்கள் என்று அறிவிக்கப் போகிறார். யாரென்று எல்லாருக்கும் தெரியும். பெரியவருக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவரைக் கம்பெனியில் வாட்ச்மேன் உட்பட எல்லாரும் 'மாப்பிள்ளை' என்றே அழைப்பார்கள். அவர் அந்த நாற்காலிக்காகவே தலைவாரிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் பேசிக்கொண்டே இருக்கிறார். பின்னால் திரையில் அவர் முகம் பெரிதாகத் தெரிகிறது. திடீரென்று அந்தப் படம் சுருங்கி ஒரு மூலைக்கு ஓடியது. அது இருந்த இடத்தில் மாப்பிள்ளை தெரிந்தார். அதே மேடையில், முந்தின நாள் ஒத்திகையில் எடுத்த படம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொப்பையை முன்னால் தள்ளி, மாமனார் மாதிரியே நடக்கிறார். கண்ணாடியைக் கழற்றி ஊதுகிறார். டையின் நுனியால் துடைக்கிறார். துடைத்ததைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு தடவித் தடவி மைக்கைத் தேடுகிறார். படத்துக்குச் சத்தம் கிடையாது. கீழே பெரியவர் நிஜமாகவே பேசிக்கொண்டிருந்த பேச்சே அதற்குப் பின்னணி ஆகிவிட்டது. ஹால் குலுங்கிச் சிரித்தது.

மாப்பிள்ளை மேடைக்குத் தாவி மைக்கைப் பிடுங்கினார். ஹாலின் கடைசியில் படங்களை ஓட்டும் மேசையைக் காட்டி, "அந்தப் பொம்பளையைப் பிடிங்க! எதிரிக் கம்பெனி ஏவிவிட்ட ஆளு அவ!" என்று அலறினார். கூட்டம் பாதியில் நின்றது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மானம் போனாலும் சாப்பாடு நிற்காத குடும்பம்.

மகள்தான் எங்களுக்குப் போன் செய்தது. வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். அழுத அடையாளம் இல்லை.

"போலீஸைக் கூப்பிட்டது என் வீட்டுக்காரர். உங்களைக் கூப்பிட்டது நான். இதை யார் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியணும். தப்பான ஆளை ஜீப்ல ஏத்தி அனுப்பிட்டு என்னால தூங்க முடியாதுங்க" என்றாள்.

"இன்ஸ்பெக்டர் எப்படிச் சாப்பிடுவார்?" என்று கேட்டார் அண்ணி.

"நல்லாச் சாப்பிடறார்."

"அப்ப நேரம் இருக்கு" என்று அண்ணி உள்ளே நடந்தார்.

*

ஹாலின் கடைசியில் இருந்தது அந்த மேசை. மேலே வரிசை வரிசையாகப் பட்டன்கள், சின்னச் சின்ன மானிட்டர்கள். பக்கத்தில் கம்பெனி செக்யூரிட்டி இரண்டு பேர், ஏதோ பீரங்கிக்குக் காவல் நிற்பதுபோல. நடுவில் நாற்காலியில் ஆபரேட்டர். முப்பது வயது இருக்கும். கண் சிவந்திருந்தது. ஆனாலும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

திரை, கேமரா எல்லாவற்றையும் வாடகைக்கு விட்ட கான்ட்ராக்டர் எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். "மேடம், இவ எங்க ஆளே இல்ல மேடம். இன்னிக்கு மட்டும்தான் வந்தா."

"ஆமா மேடம்" என்றாள் ஆபரேட்டர். "நாலு வருஷமா இன்னிக்கு மட்டும்தான் வந்துக்கிட்டிருக்கேன்."

கைகழுவி விடுவதில் இந்த ஆளிடம் இன்ஸ்பெக்டரே பாடம் படிக்கலாம் என்று நான் நினைத்தேன். அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. காலையில என்ன ஓடிச்சுன்னு காட்டு."

"பெரிய திரையில தெரியறது ஒரே படம் இல்ல மேடம். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது. எல்லாத்துக்கும் அடியில இந்த நீலப் பின்னணி. அதுக்கு மேல ஒரு பக்கம் ஸ்லைடு, இன்னொரு பக்கம் கேமராவுல தெரியற பெரியவர். எல்லாத்துக்கும் மேல கம்பெனி சின்னமும் அவர் பேரும். நாங்க லேயர்னு சொல்வோம். ஒவ்வொண்ணையும் தனியா நகர்த்தலாம், பெருசாக்கலாம், மறைக்கலாம்."

"கொடியில துணி போடற மாதிரி" என்றேன். "வெளியே தெரியறது பெட்ஷீட்டு. பின்னால கிழிஞ்ச பனியன்."

"உங்க பனியனைப் பத்தி யாரும் கேக்கல" என்றாள் அவள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"எதையும் நேராத் திரைக்கு அனுப்ப மாட்டோம் மேடம். முதல்ல இந்தச் சின்ன மானிட்டர்ல அடுக்கிப் பார்ப்பேன். இதுக்குப் பேரு பிரிவ்யூ. இதுல தெரியறது எனக்கு மட்டும்தான். எல்லாம் சரியா இருந்தா இந்தப் பட்டன். இதை அழுத்தினாத்தான் பெரிய திரைக்குப் போகும்."

"அப்ப நீ அழுத்தாம எதுவும் போகாது."

"இந்த மேசையிலேருந்து போகாது. அதனாலதான் என்னைப் பிடிச்சு உக்கார வச்சிருக்காங்க. கேஸ்ல உள்ளே போய் வந்தேன்னு வைங்க, அப்புறம் எந்த ஹால்லயும் என்னை வாசப்படி மிதிக்க விட மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான்" என்றாள்.

காலையில் நடந்ததை எனக்கே நாலைந்து பேர் போனில் அனுப்பியிருந்தார்கள். உலகத்தில் அடுத்தவன் மூக்கறுபடுவதைப்போல வேகமாகப் பரவுவது வேறு எதுவும் இல்லை. அண்ணி என் போனை வாங்கிப் பார்த்தார். திரும்பப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"ஒருத்தரைச் சந்தி சிரிக்க வைக்கணும்னு ஒருத்தி வீடியோ போடறா. எங்கேருந்து போடுவா?"

"ஆரம்பத்திலேருந்துதான் அண்ணி. நல்ல காட்சியை விட்டுட்டுப் போடறதுக்கு அவளுக்கென்ன பைத்தியமா?"

"இதைப் பாரு. படம் சுருங்கினதும் முதல்ல என்ன தெரியுது?"

பார்த்தேன். மாப்பிள்ளை கண்ணாடியைப் பாதி துடைத்துக்கொண்டிருந்தார். கழற்றியதும் ஊதியதும் அதில் இல்லை. அவை அப்புறம், படம் மறுபடி முதலிலிருந்து ஓடியபோதுதான் வந்தன.

"பாதியிலேருந்து வருது!"

"யாரும் அதைப் போடலடா. அது பாட்டுக்கு ஏற்கெனவே சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டிருந்திருக்கு. மேல மூடியிருந்தது நகர்ந்ததும் ஊருக்குத் தெரிஞ்சுது. ஏம்மா, மூடி வச்ச படம் நின்னுடாதா?"

"நிக்காது மேடம். நாம நிறுத்தற வரைக்கும் அடியில ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்றாள் ஆபரேட்டர் மெதுவாக.

"அப்ப கேள்வி வேற. படத்தைப் போட்டது யாருங்கறது இல்ல. பெரியவர் படத்தை நகர்த்தினது யாரு?"

கான்ட்ராக்டர் தொண்டையைக் கனைத்தார். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? எல்லாம் இவ கைதான்."

அண்ணி போனை அவள் பக்கம் திருப்பினார். மூலையில் ஒதுங்கியிருந்த பெரியவரின் படம் சாய்ந்து, நீண்டு, அவர் முகம் இழுத்த ரப்பர் மாதிரி தெரிந்தது. "இது உன் கையா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு நேரம் குற்றவாளி என்றதற்கு வராத கோபம்.

"நான் நகர்த்தியிருந்தா பெட்டி நேரா நின்னிருக்கும் மேடம்! பட்டன்ல நகர்த்தினா வடிவம் மாறவே மாறாது. எங்கே போய் நிக்கணும்னு முன்கூட்டியே குறிச்சு வச்சிருப்போம். ஒரு மனுஷன் மூஞ்சியை இப்படிக் கோணலா விட்டுட்டு நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேனா? இது விரலால இழுத்தது."

"இந்த மேசையில விரலால இழுக்க முடியுமா?"

"முடியாது."

"பின்னே எதுல முடியும்?"

அவள் கான்ட்ராக்டரைப் பார்த்தாள். கான்ட்ராக்டர் கூரையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"டேப்லெட்ல" என்றாள். "கேமராவுல வர்றதையும் ஏற்கெனவே அடுக்கி வச்சதையும் அதுலேருந்தே மாத்தலாம். அதுல பிரிவ்யூ கிடையாது. தொட்டா நேராத் திரைக்குப் போகும். கொடுக்க வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். மாப்பிள்ளை கேட்டார்னு இவர்தான் எடுத்துக் கொடுத்தார்."

"ஏன் இதைப் போலீஸ்ல சொல்லல?"

"யார் கேட்டாங்க? 'உன்னை ஏவினது யாரு, ஏவினது யாரு'ன்னு அதையேதான் கேட்டாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி அதைக் கவனித்துக்கொண்டார்.

*

மாப்பிள்ளை பக்கத்து அறையில் சோபாவில் சாய்ந்திருந்தார். காபி குடித்துக்கொண்டு, இரண்டு மேனேஜர்கள் 'அநியாயம் சார், அக்கிரமம் சார்' என்று மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். டேப்லெட் மேஜை மேல் கிடந்தது.

இவரை மிரட்டிக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அண்ணி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அண்ணி அப்படிச் சிரித்தால் எங்கேயோ ஒரு முதலாளி மாட்டப் போகிறார் என்று அர்த்தம்.

"சார், உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியிருக்கு. வெளியில கான்ட்ராக்டர் சொல்றார், இந்த டேப்லெட்டை ஓட்டப் பெரிய படிப்பு வேணுமாம். வெளியாளுங்களால முடியவே முடியாதாம்."

"யாரு, அந்தத் தண்டமா?" மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு? ஒத்திகையில நான்தான் எல்லாத்தையும் மாத்தினேன். அதுங்க வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்த்துச்சுங்க."

"நிஜமாவா சார்? ஒரு படத்தைச் சின்னதாக்கி ஓரமா வைக்கறதெல்லாம்கூட?"

"இங்கே பாருங்க." ஒற்றை விரலால் ஒரு பெட்டியின் முனையைப் பிடித்து இழுத்தார். அது சாய்ந்து, நீண்டு, கோணிக்கொண்டு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. காலையில் திரையில் பார்த்த அதே கோணல்.

"அப்படியே இருக்கு சார்" என்றேன் நான். "கையெழுத்துப் போட்ட மாதிரி."

மேனேஜர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் இந்த மாதிரி ஆட்களுக்கு வெட்கம் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

"ஆமா, நான்தான் சின்னதாக்கினேன். அதுக்கென்ன? கிழம் பேசிக்கிட்டே இருக்கு, நிறுத்த மாட்டேங்குது. அடுத்த தலைவர் நான். என் மூஞ்சியும் பக்கத்துல தெரியட்டுமேன்னு அவரைக் கொஞ்சம் ஓரமாத் தள்ளினேன். அந்த இடத்துல நீலம்தான் தெரியணும். அப்புறம் நான் முன் வரிசையில உக்காந்திருக்கற படத்தைக் கொண்டு வரலாம்னு இருந்தேன். நீலத்துக்குப் பதிலா அந்தக் கண்றாவியை அங்கே வச்சது யாரு? அதைக் கண்டுபிடிங்க. டேப்லெட்ல புது வீடியோ எதையும் வைக்க முடியாது. மேசையில இருக்கறவளாலதான் முடியும். சும்மாவா சொன்னேன், அவளைப் பிடிங்கன்னு!"

இதில்தான் எரிச்சல். அந்த ஆள் சொன்ன கடைசி விஷயம் சரி.

"அந்த நடையெல்லாம் நடந்து காட்டினீங்களே, கேமரா ஓடறது தெரியலையா?" என்று கேட்டார் அண்ணி.

"திரை இருட்டா இருந்துச்சே! திரையில ஒண்ணும் தெரியலன்னா கேமரா ஓடலன்னுதானே அர்த்தம்?"

அடக் கடவுளே. இந்த அறிவை நம்பி ஆட்களை லிஃப்டில் ஏற்றப் போகிறார்கள்.

*

வெளியே வந்ததும் சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் இனிப்புக்கு வந்திருந்தார்.

"அண்ணி, ஆள் கடைசிக் கட்டத்துக்கு வந்துட்டார். இப்ப நாம என்ன கண்டுபிடிச்சிருக்கோம்? நகர்த்தினது மாப்பிள்ளை, அடியில வச்சது அந்தப் பொண்ணு. எப்படியும் அவளுக்கு ஜீப்புதான்."

"அவ வச்சான்னு எனக்கு அப்பவே தெரியும். அவளா வச்சாளான்னுதான் பார்க்கணும்" என்று என் போனை மறுபடி பிடுங்கினார் அண்ணி. "இந்தத் தடவை திரையைப் பார்க்காதே. கீழே நிக்கற பெரியவரைப் பாரு."

பார்த்தேன். திரையில் மாப்பிள்ளை தோன்றியதும் முன் வரிசை வாயைப் பொத்துகிறது. மேடை ஓரத்தில் நின்ற அறிவிப்பாளர் பெண் திரும்பித் திரையைப் பார்க்கிறாள். ஹால் சிரிக்கிறது. பெரியவர் மட்டும் திரும்பவில்லை. கொஞ்சம் பேசிவிட்டு நிறுத்தினார். நேராக முன் வரிசையில், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"அவர் காலடியில ஒரு மானிட்டர் இருக்கே அண்ணி. அதுல பார்த்திருப்பார்."

அண்ணி விறுவிறுவென்று மேடைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். அந்த மானிட்டரில் ஸ்லைடு மட்டும்தான் இருந்தது. பேசுகிறவர் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு வைப்பது அது. அடுக்கியதெல்லாம் அதில் வராது.

"பின்னாடி என்ன ஓடுதுன்னு இவருக்குத் தெரிய வழியே இல்ல. ஊரே உன் முதுகைப் பார்த்துச் சிரிச்சா நீ என்ன பண்ணுவே?"

"சட்டை கிழிஞ்சிருக்கான்னு திரும்பிப் பார்ப்பேன்."

"இவர் பார்க்கல. எதைப் பார்த்துச் சிரிக்கறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சவர்தான் திரும்பாம நிப்பார்."

மறுபடி ஆபரேட்டரிடம் போனோம். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "நேத்து ஒத்திகை நடந்தப்போ பெரியவர் எங்கே இருந்தார்?"

அவள் உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் நிறைந்தது. "மேடைக்குப் பின்னாடி, பேசறவங்க காத்திருக்கற அறையில. அங்கே ஒரு டிவி இருக்கு. கேமராவுல தெரியறது எப்பவும் அதுல வந்துக்கிட்டே இருக்கும். தன் முறை எப்போன்னு அவங்களுக்குத் தெரியணுமில்ல? திரை இருட்டா இருந்தாலும் அது ஓடும், பதிவும் ஆகும்."

"அதுல மாப்பிள்ளையோட நடையைப் பார்த்துட்டார்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் மேடம்."

"நீ கொடுத்தது சரி. அவர் உனக்கு என்ன வாக்குக் கொடுத்தார்?"

"'உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நான் பார்த்துக்கறேன்'னார்." அவள் இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "என்னைப் பிடிங்கன்னு அவர் மாப்பிள்ளை கத்தினப்போ, பெரியவர் அதே மேடையிலதான் நின்னார். வாயே திறக்கல மேடம்."

*

பெரியவர் அதே காத்திருப்பு அறையில், அதே டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். மகள் ஜன்னலோரம் நின்றாள். அவர்கள் உட்காரச் சொல்லும்வரை அண்ணி காத்திருக்கவில்லை.

"கண்டுபிடிச்சாச்சு. உங்க படத்தை நகர்த்தினது உங்க மாப்பிள்ளை."

"பார்த்தியாம்மா!" பெரியவர் மகள் பக்கம் திரும்பினார். முகத்தில் வருத்தத்தை வரவழைக்கப் பார்த்தார், சந்தோஷம் முந்திக்கொண்டது. "ரொம்ப நன்றிங்க. நீங்க கிளம்பலாம்."

"அடியில அந்த வீடியோவை வைக்கச் சொன்னது நீங்க."

மகள் அப்பாவைப் பார்த்தாள். பெரியவர் மறுக்கவில்லை. மறுப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"சொன்னேன். ஒத்திகையில மாப்பிள்ளை என் இடத்துல ஒருத்தனை நிக்க வச்சு, அந்த ஆளோட படத்தை ஓரமாத் தள்ளிப் பார்த்தான். 'கிழத்துக்கு இது போதும்'னு அவன் சொன்னது இந்த அறை வரைக்கும் கேட்டுச்சு. நாளைக்கு என்னையும் இப்படித்தான் தள்ளுவானான்னு பார்க்க நினைச்சேன். என் படத்துக்கு அடியில, அதே அளவுல வைன்னேன். அவன் என் படத்தைத் தொடாம இருந்திருந்தா யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. நானும் நாற்காலியை அவன்கிட்டயே கொடுத்துட்டுப் போயிருப்பேன். தொட்டான், மாட்டினான். இதுல என் தப்பு என்ன இருக்கு?"

"வெளியில ஒரு பொண்ணு ஜீப்புக்குக் காத்துக்கிட்டிருக்கா."

"ரெண்டு நாள் ஸ்டேஷன்ல இருந்தா என்ன ஆயிடப் போகுது? அப்புறமா நானே ஆள் விட்டு வெளியே எடுத்துடறேன். இப்ப நான்தான் வைக்கச் சொன்னேன்னு சொன்னா, என் மரியாதை என்ன ஆகறது?"

தூ! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிவியைத் தூக்கி அவர் மடியில் போட்டிருப்பேன். மாப்பிள்ளையாவது முட்டாள். இந்த ஆள் எல்லாம் தெரிந்த அயோக்கியர்.

"நான் எனக்காகச் செய்யலம்மா" என்று அவர் குரலைக் குழைத்தார். "உன் புருஷன் முதுகுக்குப் பின்னாடி என்னை எப்படிக் கேலி பண்றான்னு உனக்குத் தெரியணும். அதுக்காகத்தான்."

மகள் ஜன்னலை விட்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"எனக்குத் தெரியும்பா. வீட்ல தினமும் செஞ்சு காட்டுவார்."

"தினமுமா?"

"அந்தக் கண்ணாடியை டையில துடைக்கறது இருக்கே, அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பள்ளிக்கூடம் போற வயசிலேருந்து நான் செய்வேன். நீங்க ஆபீஸ் கிளம்பினதும் அம்மா செஞ்சு காட்டச் சொல்லிக் கேப்பாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க."

பெரியவர் கை தானாகக் கண்ணாடிக்குப் போய், பாதி வழியில் இறங்கிவிட்டது.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காது. சரி, சண்டை போட்டுக்குங்க. அதுக்கு அடுத்த வீட்டுப் பொண்ணு எதுக்குப்பா கம்பி எண்ணணும்? இப்பவே மேடை ஏறி, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அவளை எதிரிக் கம்பெனி ஆளுன்னு சொன்னது அந்த மைக்குலதான். இல்லேன்னா நான் போய்ச் சொல்றேன். நான் சொன்னா, அம்மா சிரிச்சதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

*

சாப்பாடு முடிந்து ஹால் நிறைந்தபோது பெரியவர் மேடை ஏறினார். மாப்பிள்ளை முன் வரிசையில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார். இன்ஸ்பெக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கதவருகே நின்றார். ஆபரேட்டர் மேசையருகே, செக்யூரிட்டி நடுவில் நின்றாள். அவள் விரல்கள் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தன.

"காலையில திரையில வந்ததை அங்கே வைக்கச் சொன்னது நான்" என்றார் பெரியவர். இறங்கிவிடப் பார்த்தார். முன் வரிசையில் மகள் எழுந்து நின்றாள். அவர் மறுபடி மைக்குக்கு வந்தார். "அந்த ஆபரேட்டர் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. அவளைத் தப்பாச் சொன்னதுக்கு நானும் என் குடும்பமும் மன்னிப்புக் கேட்டுக்கறோம்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, அண்ணியைப் பார்த்து ஒரு தலையாட்டலோடு கிளம்பினார். செக்யூரிட்டி இருவரும் தாங்கள் ஏதோ தற்செயலாக அங்கே நின்றதுபோல் நழுவினார்கள். கான்ட்ராக்டர் ஓடி வந்து, "நான் அப்பவே சொன்னேன் மேடம், எங்க பொண்ணு தங்கம்னு" என்று பல்லை இளித்தார்.

"இன்னிக்கு மட்டும்தானே வந்தேன்?" என்று சொல்லி அண்ணி கையோடு கொண்டு வந்திருந்த டேப்லெட்டை வாங்கி அவர் கையில் திணித்தாள் ஆபரேட்டர். தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பெரியவர் நடுவழியாக எங்களை நோக்கி வந்தார். மேடையில் தொங்கிப்போயிருந்த முகம் வரும் வழியிலேயே பாதி நிமிர்ந்துவிட்டது. அவளுக்கு எதிரில் நின்று, சுற்றியுள்ளவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பார்த்தியாம்மா? உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன். சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன் பாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"நீங்க காப்பாத்தல சார். உங்க பொண்ணு காப்பாத்தினாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.